செத்த விசாவை விற்கிறார்கள்

"யுகே கேர்கிவர் விசா. அனுபவம் தேவையில்லை. ஐஇஎல்டிஎஸ் வேண்டாம். குடும்பத்தோடு போகலாம். 5 வருஷத்தில் பிஆர். மொத்தப் பேக்கேஜ் 14 லட்சம்."

மதுரை, தேனி, சிவகங்கைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இந்த மாதிரி விளம்பரம் இன்னமும் சுற்றுகிறது. தொகை மட்டும் ஆளுக்குத் தக்கபடி மாறும். இதில் முக்கால்வாசி ஒரு காலத்தில் உண்மையாக இருந்ததுதான் சங்கடம். "எங்க சித்தப்பா மகன் இப்படித்தான போனான்" என்று யாராவது சொன்னால் அது பொய்யில்லை. அவன் போன நாளின் விதி வேறு, இன்றைய விதி வேறு. பிரிட்டன் விசாவில் எல்லாமே தேதிதான். விண்ணப்பம் எந்தத் தேதியில் போகிறதோ, பொதுவாக அந்தத் தேதியின் விதிதான் பொருந்தும். நம் ஊரில் பேச்சு அந்த விதிக்கு இரண்டு வருஷம் பின்னால் ஓடுகிறது. ஏஜென்டுகள் சம்பாதிப்பது அந்த இடைவெளியில்தான்.

கேர் வேலையின் கதையைத் தேதியோடு பார்த்தால் புரியும். பிரெக்ஸிட்டுக்கும் கோவிட்டுக்கும் பிறகு அங்கே முதியோர் இல்லங்களில் ஆள் கிடைக்கவில்லை. 2022 பிப்ரவரியில் கேர் ஒர்க்கர் வேலையை ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் சேர்த்து, வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்க வழி திறந்தார்கள். மனைவி, பிள்ளைகளும் போகலாம் என்று இருந்தது. வந்தவர்கள் எண்ணிக்கை அரசு நினைத்ததைவிட எங்கேயோ போய்விட்டது. 2023 மார்ச்சோடு முடிந்த ஓராண்டில் பிரிட்டனுக்குள் வந்தவர்களிலிருந்து வெளியே போனவர்களைக் கழித்தால் மிச்சம் 9,44,000 பேர் என்பது பின்னால் திருத்திச் சொன்ன கணக்கு. அதற்குப் பிறகு ஒவ்வொரு கதவாக அடைத்தார்கள். 2024 மார்ச் 11 முதல் புதிதாகக் கேர் விசா எடுப்பவர் குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து கேர் ஒர்க்கர், சீனியர் கேர் ஒர்க்கர் எடுப்பதே நின்றுபோனது. மதுரையில் உட்கார்ந்துகொண்டு இன்றைக்கு ஒருவர் கேர் விசாவுக்கு விண்ணப்பிக்க வழியே இல்லை. 14 லட்சத்துக்கும் இல்லை, 40 லட்சத்துக்கும் இல்லை.

இதைச் சொன்னால் ஏஜென்ட் ஒரு பதில் வைத்திருப்பார்: "2028 ஜூலை வரைக்கும் ஓப்பன்ல இருக்கு, கவர்ன்மென்ட் சைட்லயே போட்டிருக்கான் பாருங்க." போட்டிருப்பது உண்மைதான். ஆனால் அது ஏற்கெனவே பிரிட்டனுக்குள் சட்டப்படி இருப்பவர்களுக்கு. வேறு விசாவில் அங்கே இருந்து, அதே முதலாளியிடம் குறைந்தது 3 மாதம் முறைப்படி வேலை பார்த்தவர் கேர் விசாவுக்கு மாறலாம், அந்தச் சலுகை 2028 ஜூலை 22 வரை என்பதுதான் முழு வாக்கியம். முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் காட்டுகிறார்கள். இன்னொரு பதில், "டூரிஸ்ட் விசாவுல இறங்கிட்டு அங்க மாத்திக்கலாம்." மாற்றிக்கொள்ள முடியாது. விசிட் விசாவில் இருப்பவர் உள்ளே இருந்தபடி வேலை விசாவுக்கு மாற விதி இடம் கொடுக்கவில்லை. விசிட் விசாவில் வேலை பார்த்துப் பிடிபட்டால் அடுத்து எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் "முன்பு விசா மறுப்பு, வெளியேற்றம் உண்டா" என்ற கேள்விக்கு ஆம் என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

சிஓஎஸ், அதாவது வெளிநாட்டு ஆளை எடுக்க முதலாளி தரும் சான்று பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்பான்சர்ஷிப் சான்று என்று வண்ண பிடிஎஃப்பில் முத்திரை, கையெழுத்து எல்லாம் போட்டு அனுப்புவார்கள். உண்மையான சிஓஎஸ் ஒரு காகிதமே இல்லை. முதலாளி பிரிட்டன் உள்துறையின் கணினியில் பதிவு செய்யும் மின்பதிவு அது. உங்கள் கைக்கு வருவது ஒரு எண்ணும், அதில் பதிந்த விவரங்களும்தான். வேலைக் குறியீடு, ஆண்டுச் சம்பளம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வேலை செய்யும் முகவரி ஆகிய நான்கையும் கேட்டு வாங்குங்கள். எண் கொடுத்து 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதலாளிக்கு உரிமம் இருக்கிறதா என்று பார்க்க, பிரிட்டன் அரசின் இணையதளத்தில் உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் முழுப் பட்டியலும் இலவசமாக இருக்கிறது. நிறுவனத்தின் பெயர், ஊர், எந்த விசாவுக்கு உரிமம், ஏ தரமா பி தரமா என்பது வரை தெரியும். பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதாலேயே உங்களுக்கு வேலை கொடுத்தது அவர்கள்தான் என்று ஆகிவிடாது. பெயரைத் திருடி மின்னஞ்சல் அனுப்புவது ரொம்ப சாதாரணம். நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்து தொலைபேசி எண்ணை எடுத்து, அவர்களையே கூப்பிட்டுக் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

சிஓஎஸ்ஸுக்கான அரசுக் கட்டணம் 2025 ஏப்ரல் நிலவரப்படி 525 பவுண்ட். அது முதலாளி கட்ட வேண்டியது. ஸ்பான்சர் உரிமச் செலவையோ சிஓஎஸ் கட்டணத்தையோ தொழிலாளியின் தலையில் கட்டுவது 2024 டிசம்பர் 31 முதல் தடை. ஆகவே "சிஓஎஸ்ஸுக்கு மட்டும் 9 லட்சம்" என்று யாராவது சொன்னால், அந்த ஒரு வாக்கியமே அந்த வேலை சரியில்லை என்பதற்குச் சாட்சி. பணம் கொடுத்து வாங்கிப் போனவர்களுக்கு என்ன ஆனது என்பதும் ரகசியமில்லை. 2022 முதல் கேர் துறையில் 470க்கும் மேற்பட்ட முதலாளிகளின் ஸ்பான்சர் உரிமத்தை ரத்து செய்தார்கள். அதில் ஏறக்குறைய 39,000 தொழிலாளர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். உரிமம் ரத்தானால் தொழிலாளியின் விசாவைச் சுருக்கி வழக்கமாக 60 நாள் கொடுப்பார்கள். அதற்குள் வேறு ஸ்பான்சர் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். வட்டிக்கு வாங்கிய 14 லட்சம் இங்கே உசிலம்பட்டியில் வளர்ந்துகொண்டிருக்க, அங்கே 60 நாளில் வேலை தேடுவது என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள்.

நம் பக்கத்துச் சட்டமும் ஒன்று உண்டு, அதை யாரும் கேட்பதில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் ஆள்சேர்ப்பு முகவர் உரிமம் வைத்திருக்க வேண்டும். சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி. மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் உரிமம் உள்ளவர்கள் பட்டியலும், உரிமமின்றி ஆள் பிடிப்பதாகப் புகார் வந்தவர்கள் பட்டியலும் இருக்கின்றன. பைபாஸ் ரோட்டிலும் கே.கே. நகரிலும் "ஓவர்சீஸ் எஜுகேஷன்" என்று போர்டு வைத்திருப்பவர் கல்லூரி சேர்க்கைக்கு வழிகாட்டலாம், அது வேறு தொழில். அதே மேசையில் வேலை விசாவுக்குப் பணம் வாங்கினால் உரிம எண்ணைக் கேளுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இயங்குகிறது. அதன் அறிவிப்புகளைப் பார்க்கக் காசு கேட்பவர் இல்லை. எந்தப் பணமும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகப் போன தொகைக்குத்தான் பின்னால் குற்றப்பிரிவில் புகார் எழுதும்போது கையில் ஆதாரம் இருக்கும்.

சமையல் மாஸ்டர்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மதுரையில் பரோட்டா மாஸ்டருக்கும் பிரியாணி மாஸ்டருக்கும் லண்டன் ஆசை காட்டுவது பழைய தொழில். முதலாளி ஸ்பான்சர் செய்யும் பொதுவான வேலை விசாவான ஸ்கில்டு ஒர்க்கர் விசாவின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2024 ஏப்ரல் 4 அன்று 26,200 பவுண்டிலிருந்து 38,700க்குத் தாவியது. 2025 ஜூலை 22 அன்று 41,700 ஆனது. அதே நாளில் வேலையின் தகுதி அளவையும் பட்டப்படிப்பு நிலைக்கு ஏற்றினார்கள். செஃப் வேலை அந்த அளவுக்குக் கீழே நிற்பதால் வெளியே போய்விட்டது. தற்காலிகப் பற்றாக்குறைப் பட்டியல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அதிலும் சமையல் இல்லை. 2026 ஜனவரி 8 முதல் புதிதாக ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்குப் போகிறவருக்கு ஆங்கிலம் பி1 போதாது, பி2 வேண்டும். பி1 என்றால் கடைக்குப் போய்ப் பேசிச் சமாளிக்கிற ஆங்கிலம். பி2 என்றால் ஒரு கருத்தை வாதாடி எழுதுகிற ஆங்கிலம். "ஐஇஎல்டிஎஸ் வேண்டாம்" என்ற வரிக்கும் அரை உண்மை உண்டு. ஆங்கில வழியில் பட்டம் படித்தவர் எக்டிஸ் அமைப்பில் அதைச் சரிபார்த்துச் சான்று வாங்கினால் தேர்வு எழுத வேண்டாம். பிளஸ் டூ படித்தவருக்கு அது ஆகாது.

ஒழுங்காகத் திறந்திருக்கும் வழி நர்ஸ்களுக்கானது. பதிவு பெற்ற நர்ஸ் வேலை பட்ட நிலை வேலை என்பதால் இந்த வெட்டுகளில் தப்பியது. குடும்பத்தையும் அழைத்துப் போகலாம், சுகாதாரக் கட்டணமும் கிடையாது. விசாக் கட்டணம் 3 ஆண்டு வரை 304 பவுண்ட், அதற்கு மேல் 590, இது 2025 ஏப்ரல் கணக்கு. ஆனால் வழி நீளம். முதலில் என்எம்சி எனப்படும் நர்ஸிங் கவுன்சிலில் தகுதி மதிப்பீடு, 140 பவுண்ட். பிறகு கணினித் தேர்வு, 83 பவுண்ட். ஏ பகுதியில் 15 கணக்குகள், பி பகுதியில் 100 கேள்விகள். அதற்கு மேல் பிரிட்டனில் நேரடித் திறன் தேர்வு, ஆஸ்கி என்பார்கள், 794 பவுண்ட். கடைசியாகப் பதிவுக் கட்டணம் 153. ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் அகடமிக்கில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5. அல்லது ஓஇடி என்ற மருத்துவத் துறை ஆங்கிலத் தேர்வில் மூன்றில் பி, எழுத்தில் சி பிளஸ். ஒரே தடவையில் வராவிட்டால் 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்ணைச் சேர்த்துக் காட்டலாம். எந்தத் தடவையிலும் மூன்றில் 6.5க்கும் எழுத்தில் 6க்கும் கீழே போயிருக்கக் கூடாது. இது தெரியாமல் நாலாவது, ஐந்தாவது தடவை பணம் கட்டுபவர்கள் பலர்.

நம் பிள்ளைகள் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஆஸ்கிதான். பத்து நிலையங்கள். நோயாளியை மதிப்பிடுவது, திட்டமிடுவது, செய்வது, மறுபடி பார்ப்பது என்று நான்கு. கைத்திறன் நான்கு. எழுத்தில் மட்டும் இரண்டு. அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற இடத்தில் ஒரு ஷிப்டில் நாற்பது பேருக்கு ஊசி போட்டுப் பழகிய கை, வேலையை நன்றாகவே செய்யும். ஆனால் வாய் பேசாது. அங்கே செய்வதை எல்லாம் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் கேட்டு மணிக்கட்டுப் பட்டையோடு ஒப்பிட்டேன், ஒவ்வாமை உண்டா என்று கேட்டேன், கை கழுவினேன், சம்மதம் வாங்கினேன் என்று தேர்வாளர் காதில் விழ வேண்டும். மருந்துத் தாளில் நேரம் எழுதாமல், கையெழுத்துப் போடாமல் விட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் அந்த நிலையம் போச்சு. போன நிலையங்களை மட்டும் மறுபடி எழுதினால் 397 பவுண்ட்.

பிரிட்டன் அரசின் மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் ட்ரஸ்ட் நேரடியாக ஆள் எடுத்தால் இந்தச் செலவில் பெரும்பகுதியை அவர்களே ஏற்பது வழக்கம். 2025-26இல் பேண்ட் 5 எனப்படும் புது நர்ஸின் சம்பள நிலையில் தொடக்க ஆண்டுச் சம்பளம் 31,049 பவுண்ட். குறை என்னவென்றால் 2024க்குப் பிறகு ட்ரஸ்டுகள் வெளிநாட்டு ஆள்சேர்ப்பை வெகுவாகச் சுருக்கிவிட்டன. விதி திறந்திருக்கிறது, வேலை குறைந்திருக்கிறது. ஐஇஎல்டிஎஸ், கணினித் தேர்வு இரண்டையும் முடித்துவிட்டு, ஆஃபர் வரும்வரை வார்டு வேலையை விடாமல் காத்திருப்பதே புத்திசாலித்தனம். வேலையை விட்டுவிட்டுக் கோச்சிங் சென்டரில் உட்காருவது அல்ல.

கேர் விசா இல்லை என்று ஆனதும் அதே கடையில் அடுத்த சரக்காக எடுத்து வைப்பது ஸ்டூடண்ட் விசா. இதுதான் இப்போது மதுரையிலிருந்து அதிகம் போகிற வழி, அதிகம் தவறுகிற வழியும்கூட. முதல் மாற்றம் 2024 ஜனவரி 1. அன்று முதல் தொடங்கும் படிப்புகளில் பிஎச்டி, ஆராய்ச்சி முதுகலை, அரசு உதவித்தொகை மாணவர் தவிர மற்றவர் கணவன் மனைவியை, பிள்ளைகளை அழைத்துப் போக முடியாது. எம்பிஏவும் எம்எஸ்ஸியும் ஆராய்ச்சிப் படிப்பு ஆகாது. "மனைவியை ஸ்டூடண்டா அனுப்பி, புருஷன் டிபெண்டன்ட்ல போயி ஃபுல் டைம் வேலை பார்க்கலாம்" என்ற திட்டம் அன்றோடு முடிந்தது.

அடுத்து பணம். லண்டனுக்கு வெளியே படிப்பவர் 2025 நவம்பர் 11 முதல் மாதம் 1,171 பவுண்ட் வீதம் 9 மாதத்துக்கு 10,539 பவுண்ட் காட்ட வேண்டும். லண்டனுக்குள் என்றால் 1,529 வீதம் 13,761. இதோடு முதலாண்டுக் கட்டணத்தில் கட்டாத பாக்கி. கட்டணம் 16,000, கட்டியது 6,000 என்றால் பாக்கி 10,000. ஆக 20,539 பவுண்ட். பவுண்டுக்கு 115 ரூபாய் என்று வைத்தால் 23 லட்சத்து 62 ஆயிரம் ரூபாய்.

இந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்க வேண்டும். கடைசி நாள் விண்ணப்பத் தேதியிலிருந்து 31 நாளுக்குள் இருக்க வேண்டும். ஜூன் 1 அன்று போட்டால் ஜூன் 28 அன்று 28 நாள் நிறையும். அந்த அறிக்கையை வைத்து ஜூலை 29க்குள் விண்ணப்பிக்கலாம். நடுவில் ஜூன் 14 அன்று தங்கச்சி மகள் காதுகுத்துக்கு 50,000 எடுத்துவிட்டு மறுநாளே திரும்பப் போட்டாலும், அந்த ஒரு நாள் மீதி குறைந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம். சொந்தக்காரர், வட்டிக்கடை என்று 28 நாளுக்கு மட்டும் கடன் வாங்கிப் போடுகிறவர்கள் சரியாகத் தேவையான தொகையை மட்டும் போடுகிறார்கள். அங்கேதான் மாட்டுவார்கள். ரூபாயைப் பவுண்டாக மாற்றும் விலையை உள்துறை விண்ணப்ப நாளில் எடுக்கிறது, ஓஆண்டா தளத்தின் விலை. நீங்கள் 115க்குக் கணக்குப் போட்டுப் பணம் போட்டு, விண்ணப்ப நாளில் பவுண்ட் 118 ஆகிவிட்டால் அதே 20,539 பவுண்டுக்கு 61,000 ரூபாய்க்கு மேல் துண்டு விழும். ஒரு பவுண்ட் குறைந்தாலும் மறுப்புதான், சலுகை கிடையாது. ஐந்து சதவீதமாவது கூடுதலாகப் போடுங்கள்.

யார் கணக்கு என்பதும் முக்கியம். மாணவர் சொந்தக் கணக்கு, அப்பா, அம்மா, சட்டப்படியான காப்பாளர். தாய்மாமன் கணக்கு, தாத்தா கணக்கு, அண்ணன் கணக்கு ஆகாது. நம் ஊரில் பிள்ளையைப் படிக்கவைப்பது பெரும்பாலும் மாமன்தான், ஆனால் அந்த உறவு வெள்ளைக்காரன் படிவத்தில் இல்லை. மாமன் பணத்தை அம்மா கணக்குக்கு மாற்றி அங்கே 28 நாள் வையுங்கள், எங்கிருந்து வந்தது என்று காட்டக் காகிதமும் வையுங்கள். நகை, நிலப்பத்திரம், பிஎஃப், சீட்டுப் பணம் எதுவும் கணக்கில் வராது. நகைக்கடன் எடுத்து ரொக்கமாக வங்கியில் போட்டால் வரும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட வைப்பை நம்பாதீர்கள், அது ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற வங்கி இல்லை. வங்கிக் கல்விக்கடன் என்றால் அனுமதிக் கடிதம் விண்ணப்பத்துக்கு முந்தைய 6 மாதத்துக்குள் தேதியிட்டதாக இருக்க வேண்டும். கடன் பெற்றோர் பெயரில் இல்லாமல் மாணவர் பெயரில் இருக்க வேண்டும்.

பெற்றோர் கணக்கைக் காட்டினால் பிறப்புச் சான்றும் சம்மதக் கடிதமும் சேர வேண்டும். தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் சிக்கல் முழுக்க இங்கே உட்கார்ந்திருக்கிறது. பிறப்புச் சான்றில் தாய் பெயர் "முத்துலெட்சுமி". வங்கியில் "முத்துலட்சுமி எம்". பாஸ்போர்ட்டில் தாய் பெயர் "முத்து லட்சுமி". நமக்கு மூன்றும் ஒருத்திதான். அங்கே கோப்பைப் பார்ப்பவருக்கு மூன்று பெண்கள். இன்னும் சிலருக்குப் பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயரே இருக்காது, "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். பெயரை மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ பதிந்து புதுச் சான்று வாங்குங்கள். சான்று தமிழில் மட்டும் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரத்தோடு மொழிபெயர்ப்பு வேண்டும். வங்கியில் பெயரைத் திருத்துவதை 28 நாள் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருப்பவர்கள் அதை ரேஸ் கோர்ஸ் பக்கத்து பாஸ்போர்ட் அலுவலகத்தில் மாற்றுவதாக இருந்தால், பல்கலைக்கழகம் காஸ் எண், அதாவது சேர்க்கையை உறுதிசெய்யும் எண், கொடுப்பதற்கு முன்னால் செய்யுங்கள். காஸில் ஒரு எண், கையில் இருக்கும் பாஸ்போர்ட்டில் வேறு எண் என்றால் வீண் அலைச்சல்.

விசாக் கட்டணம் 2025 ஏப்ரல் கணக்கில் 524 பவுண்ட், சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776. ஓராண்டு முதுகலைக்கு விசா ஏறக்குறைய 17 மாதம் வருவதால் ஒன்றரை ஆண்டுக்குக் கட்ட வேண்டும், 1,164 பவுண்ட். விண்ணப்பம் அனுப்பும் அன்றைக்கே மொத்தமாகக் கார்டில் போகும். கார்டின் வெளிநாட்டு வரம்பை முதல் நாளே உயர்த்தி வைக்காமல் இரவு பதினொரு மணிக்கு ஓடிபிக்காகக் காத்திருப்பவர்கள் நிறைய. காசநோய்ச் சான்று அங்கீகரித்த மையத்தில் மட்டும்தான் எடுக்க வேண்டும், சென்னைக்குப் போக வேண்டியிருக்கும். மதுரையில் எடுத்த எக்ஸ்ரே செல்லாது. சான்று 6 மாதம் செல்லும். நெஞ்சில் பழைய தழும்பு தெரிந்து சளிப் பரிசோதனைக்கு அனுப்பினால் முடிவு வர 8 வாரம் வரை ஆகும். சிறுவயதில் காசநோய் வந்தவர்கள் அதற்கு நேரம் ஒதுக்கி முன்கூட்டியே போங்கள். கைரேகை கொடுக்கவும் பெரும்பாலும் சென்னைதான், பாண்டியனில் ஏறினால் காலையில் எழும்பூர்.

பல்கலைக்கழகங்கள் இப்போது ஏன் காஸ் கொடுப்பதற்கு முன்பே நேர்காணல் வைக்கின்றன என்று கேட்கிறார்கள். 2025 மே 12 அன்று வெளியான பிரிட்டன் அரசின் வெள்ளை அறிக்கை, மாணவர்களை அழைக்கும் பல்கலைக்கழகங்கள் பிடிக்க வேண்டிய அளவுகளை 5 புள்ளி உயர்த்துவதாகச் சொன்னது. சேர்ந்தவர் விகிதம் குறைந்தது 95 சதவீதம், படித்து முடித்தவர் விகிதம் 90 சதவீதம். பாதியில் படிப்பை விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிற ஒவ்வொரு மாணவரும் பல்கலைக்கழகத்தின் உரிமத்தைத் தொட்டுப் பார்க்கிறார். ஆகவே முதல் வடிகட்டல் அவர்களுடையது. ஏஜென்ட் எழுதிக் கொடுத்த பதிலை ஒப்பிப்பது அங்கே எடுபடாது. மூன்றாவது பாடத்தின் பெயர் என்ன, அதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், விடுதி எங்கே, வாரம் வாடகை எவ்வளவு, கடனை எத்தனை ஆண்டில் அடைப்பீர்கள் என்று கேட்பார்கள். பாடத்திட்டப் பக்கத்தை ஒருநாள் உட்கார்ந்து படித்தவர் தப்பிப்பார்.

படிப்புக்குப் பிறகு வேலை தேட கிராஜுவேட் விசா 2 ஆண்டு என்று 2021 ஜூலையிலிருந்து இருக்கிறது, பிஎச்டிக்கு 3. 2027 ஜனவரி 1 அன்றும் அதற்குப் பிறகும் விண்ணப்பிப்பவருக்கு அது 18 மாதம்தான், பிஎச்டிக்கு மாற்றமில்லை. படிப்பு தொடங்கிய தேதி அல்ல, கிராஜுவேட் விசாவுக்கு விண்ணப்பிக்கும் தேதிதான் கணக்கு. படிப்பை வெற்றிகரமாக முடித்தார் என்று பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். 2025 செப்டம்பரில் ஓராண்டுப் படிப்பில் சேர்ந்தவருக்கு, தேர்வு முடிவு 2026 டிசம்பர் 31க்குள் போய்ச் சேர்ந்து, அவரும் அதற்குள் விண்ணப்பித்தால் 2 ஆண்டு. ஒரு பாடத்தில் தவறி, திருப்பி எழுதி, முடிவு ஜனவரிக்குத் தள்ளினால் 6 மாதம் போனது. 2026 ஜனவரி சேர்க்கைக்கு "2 வருஷம் பிஎஸ்டபிள்யூ" (கிராஜுவேட் விசாவுக்கு ஏஜென்டுகள் சொல்லும் பெயர்) என்று சொல்லி அனுப்பியவர்கள் பொய் சொல்லியிருக்கிறார்கள். ஓராண்டுப் படிப்பு 2027 ஜனவரிக்கு முன் முடியாது.

அந்த 18 மாதத்துக்குள் ஸ்பான்சர் செய்யும் வேலை பிடிக்க வேண்டும். மாணவராக இருந்து மாறுபவருக்கு புதியவர் என்ற சலுகை உண்டு, குறைந்தபட்சம் 33,400 பவுண்ட், அல்லது அந்த வேலைக்கான வழக்கச் சம்பளத்தில் 70 சதவீதம், இதில் எது அதிகமோ அது. சலுகைக்கு மொத்தம் 4 ஆண்டுதான் ஆயுள், கிராஜுவேட் விசாவில் கழித்த காலமும் அதில் கழியும். பிறகு முழுச் சம்பளத்துக்கு ஏற வேண்டும். ஐடி, பொறியியல், கணக்கியல் படித்தவர்களுக்கு இது எட்டும். பொதுவான "மேனேஜ்மென்ட்" பட்டத்தோடு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்ப்பவருக்கு எட்டாது. கடன் வாங்கும் முன் பார்க்க வேண்டிய எண் 33,400தான், கல்லூரியின் தர வரிசை அல்ல.

கடைசியில் எல்லாம் கைவிட்டால் என்ன செய்வது என்று கேட்டால் சில ஏஜென்டுகள் சொல்வது: "அசைலம் போட்டுடலாம், கேஸ் ஓடுற வரைக்கும் இருக்கலாம்." அடைக்கலம் என்பது இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணத்தால் சொந்த நாட்டில் உயிருக்கு ஆபத்து உள்ளவருக்கு. கடன் தொல்லை காரணமாகாது. 2024இல் பிரிட்டனில் அடைக்கலம் கேட்ட ஏறக்குறைய 1,08,000 பேரில் சுமார் 40,000 பேர் முறையான விசாவில் வந்தவர்கள், அதில் சுமார் 16,000 பேர் மாணவர் விசா. மாணவர் விசாவின் மேல் இத்தனை இறுக்கம் விழ இந்த எண்களும் ஒரு காரணம். அடைக்கலம் கேட்டவர் வேலை பார்க்கக் கூடாது. 12 மாதம் கழித்து அனுமதி கேட்கலாம், அதுவும் குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும். வாரப்படி தனி ஆளுக்கு 49 பவுண்ட் சொச்சம். இந்தியாவைப் பாதுகாப்பான நாடுகளின் பட்டியலில் சேர்க்கப்போவதாக 2023 நவம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். பொய்யான ஆவணம் கொடுத்தது தெரிந்தால் 10 ஆண்டு வரை விசா தடை.

உச்சப்பட்டி, ஆனையூர், திருவாதவூர் முகாம்களில் இருக்கும் ஈழத்தமிழர்கள் நிலை வேறு. அவர்களின் பயத்துக்குக் காரணம் இருக்கலாம், அதைக் கேலி செய்ய எதுவுமில்லை. அதனாலேயே அவர்களைக் குறிவைத்துப் படகு பேசுகிறவர்களும் வருகிறார்கள். 2021 அக்டோபரில் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து கனடாவுக்கென்று கிளம்பிய படகு, பழுதாகி இந்தியப் பெருங்கடலில் டியேகோ கார்சியா தீவில் போய் ஒதுங்கியது. அதில் இருந்தவர்கள் அங்கே கூடாரங்களில் மூன்று ஆண்டுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார்கள். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோரைப் பிரிட்டனுக்கு மாற்றினார்கள், அந்தக் காவல் சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொன்னதும் அந்த மாதமே. இப்போது அடைக்கலம் கிடைத்தாலும் அது நிரந்தரம் இல்லை என்ற திசையில் போகிறார்கள். 2025 நவம்பர் 17 அன்று உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் வைத்த திட்டத்தில், அகதி நிலை 30 மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை, நிரந்தரக் குடியிருப்புக்கு 20 ஆண்டு காத்திருப்பு.

விளம்பரத்தில் மிச்சம் இருக்கும் வரி "5 வருஷத்தில் பிஆர்". அதே மாதம் 20ஆம் தேதி வந்த இன்னொரு திட்டம் அடிப்படைக் காலத்தை 10 ஆண்டாக்கச் சொல்கிறது. பட்ட நிலைக்குக் கீழான வேலையில் போனவர்களுக்கு, அதாவது கேர் ஒர்க்கர்களுக்கு, 15 ஆண்டு. என்எச்எஸ் டாக்டர், நர்ஸ்களுக்கு 5 ஆண்டில் கிடைக்கும் என்று சொன்னார்கள். ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்பதுதான் பெரிய கொந்தளிப்பு. 2026 பிப்ரவரி 12 வரை மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். உங்கள் ஆள் விண்ணப்பிக்கும் வாரத்தில் விதிப்பக்கத்தைத் திறந்து தேதியைப் பாருங்கள், ஆறு மாதத்துக்கு முன் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம்.

அங்கே இருக்கும் தம்பிக்கோ மகளுக்கோ இன்றைக்கே போனில் சொல்ல வேண்டியவை சில உண்டு. மாதச் சம்பளச் சீட்டு, ஆண்டுக்கு ஒருமுறை வரும் பி60 தாள், வங்கி அறிக்கை மூன்றையும் ஒரு கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். சிஓஎஸ்ஸில் எழுதிய சம்பளமும் கணக்கில் விழுந்த சம்பளமும் ஒன்றா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிஆர் கேட்க வேண்டுமானால் எந்த 12 மாதத்திலும் 180 நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருக்கக் கூடாது. சித்திரைத் திருவிழாவுக்கு வந்துவிட்டு அப்படியே ஆடி வரை இருப்பவர்கள் போன, வந்த தேதிகளை எழுதி வைக்க வேண்டும். இப்போது விசா பாஸ்போர்ட்டில் ஒட்டும் காகிதமில்லை, இணையக் கணக்கு. மதுரையில் பாஸ்போர்ட் புதுப்பித்தால் புது எண்ணை அந்தக் கணக்கில் அன்றே ஏற்ற வேண்டும், இல்லையென்றால் திரும்பும்போது விமான நிலைய கவுன்டரில் நிற்க வேண்டிவரும்.